பழைய துப்பாக்கிக்குப் புது விலை: அமெரிக்கத் துப்பாக்கிச் சந்தைக்கு முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் எனக்கு ஆர்வம் வந்தது டெக்சஸுக்குக் குடிவந்த பிறகுதான். வாடகைத் துப்பாக்கியில் பழகியது போதும், பழைய ஷாட்கன் (ரவைகளைச் சிதறவிடும் நீளத் துப்பாக்கி) ஒன்றை மலிவாக வாங்கிக்கொள்வோம் என்று கிளம்பினேன். ‘கன் ஷோவுக்குப் போ, கொட்டிக் கிடக்கும்’ என்றார்கள். வார இறுதியில் மேசை போட்டு விற்கும் துப்பாக்கிச் சந்தை அது. நான்கு சந்தைகளுக்குப் போனேன். நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், பெட்ரோல், பசிக்கு வாங்கிய உப்புக் கண்டம் எல்லாம் சேர்த்து இருநூறு டாலருக்கு மேல் கரைந்தது. கடைசியில் துப்பாக்கி வாங்கியது வீட்டிலிருந்து கால்மணி நேரத் தூரத்தில் இருக்கும் அடகுக் கடையில்.

அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நான் இருப்பது டெக்சஸ். கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் பொது. மாநிலச் சட்டம் வேறுபடும். கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும், இல்லினாயில் போலீஸ் தரும் அடையாள அட்டை இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கவே முடியாது. உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டு மேலே தொடருங்கள்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே நம்மவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. எச்1பி, எல்1, எஃப்1, பி2 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பதுதான் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. சுடுதளத்தில் அரை மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்பதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில்தான் சேரும். ஊரிலிருந்து வந்த அப்பாவையோ மாமனாரையோ சுடுதளத்துக்கு அழைத்துப்போய்க் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் படமெடுக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் தற்காலிக விசாவில் இருப்பவரும் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். டெக்சஸில் வசிப்பவருக்கான வேட்டை உரிமம் 25 டாலர்தான். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். ஆனால் உரிமம் காலாவதியான மறுநாளே வீட்டில் இருக்கும் துப்பாக்கி குற்றப்பொருளாகிவிடும், விளைவு நாடு கடத்தல் வரை போகலாம். ஒரு பொழுதுபோக்குக்காக இந்த வம்பு வேண்டாம், கிரீன் கார்டு வரும் வரை பொறுங்கள் என்பேன். கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவழியில் நிற்கிறவர்கள் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஓரடியும் வைக்காதீர்கள்.

இதைவிடக் கெட்ட பொறி ஒன்று இருக்கிறது. ‘அண்ணா, உங்களுக்குத்தான் கிரீன் கார்டு வந்துவிட்டதே, எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள், பணம் தந்துவிடுகிறேன்’ என்று நண்பர் கேட்பார். தங்கமான மனிதராகவே இருப்பார். மறுத்துவிடுங்கள். இப்படி வாங்கத் தகுதியில்லாத இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம்.

2. எதற்கு வாங்குகிறீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

தட்டு சுடவா, மான் வேட்டைக்கா, காகித இலக்கில் பழகவா? ஒரே வரியில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்குள் நுழைந்தால் கௌபாய் படத்துத் துப்பாக்கி கண்ணைப் பறிக்கும்.

3. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

விலைச்சீட்டில் எழுதியிருப்பது விற்பவரின் ஆசை. அதே துப்பாக்கி, அதே நிலையில், சென்ற மாதம் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதே மதிப்பு. கன்புரோக்கர் ஏலத் தளத்தில் கணக்குத் தொடங்கினால் முடிந்துபோன ஏலங்களைத் தேடிப் பார்க்கலாம். ஏலம் கேட்கப்பட்டு முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் சீண்டாமல் காலாவதியானவை எத்தனை இருந்தாலும் கணக்கில் சேராது. விற்றுப்போனவற்றில் பத்தைக் குறித்து, மிக அதிகமான ஒன்றையும் மிகக் குறைவான ஒன்றையும் தள்ளிவிட்டால் மிஞ்சும் எட்டுக்குள் இருப்பதுதான் உங்கள் விலை. ஆண்டுதோறும் வெளிவரும் புளூ புக் என்ற விலைக் கையேடும் உண்டு. அரிய பழைய வகைகளுக்கு அது உதவும், அன்றாட வகைகளுக்குத் தேவையில்லை.

அடுத்து, புதியதின் கடை விலையைப் பாருங்கள். சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வரும் இடம் இதுதான். ரூகர் 10/22 என்ற சின்ன ரைஃபிளை 1964-லிருந்து செய்துவருகிறார்கள். நாடெங்கும் கிடைக்கிறது, சாதாரண வகையைப் புதிதாகவே முந்நூறு டாலர் சுமாருக்கு வாங்கிவிடலாம். நான் பார்த்த சந்தையில் கீறல் விழுந்த பழையதற்கு 340 என்று சீட்டு தொங்கியது. கேட்டால் ‘இந்தக் காலத்தில் இப்படியா செய்கிறார்கள்’ என்கிறார். யானை விலை குதிரை விலை சொல்வது இவர்களுக்குப் பழகிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. கொரோனா பதற்றத்தில் பலர் துப்பாக்கி வாங்க ஓடிய 2020-ல் மட்டும், துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சோதனைகள் (ஆளின் பின்னணியை அரசுப் பதிவுகளில் சரிபார்ப்பது) சுமார் 3.97 கோடி நடந்தன. அந்தப் பதற்றத்தில் உச்ச விலைக்கு வாங்கியவர்கள் போட்ட பணத்தை உங்களிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். 2010 வாக்கில் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்த ரஷ்யாவின் பழைய ராணுவ ரைஃபிளான மொசின் நகாந்த் இன்று பல மடங்கு விலைக்கு நிற்பதைக் கண்டவர்கள், தங்கள் பரணில் இருக்கும் எல்லாமே அப்படி ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மார்லின் துப்பாக்கி நிறுவனம் 2020-ல் ரூகர் கைக்குப் போனது. குழலில் பழைய ‘ஜேஎம்’ முத்திரை உள்ள மார்லின்களுக்குச் சேகரிப்பாளர் மதிப்பு கூடுதல் என்பது உண்மை. அதைக் காட்டி முத்திரையே இல்லாததற்கும் அதே விலை கேட்கிறார்கள்.

எனது அளவுகோல் இது: அன்றாடப் பயன்பாட்டுக்கான பழைய துப்பாக்கி, புதியதன் கடை விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் நான் நகர்ந்துவிடுவேன். உற்பத்தி நின்றுபோன நல்ல வகைக்கு இது பொருந்தாது.

4. வாசலிலேயே செலவு தொடங்குகிறது

நான் போனவற்றில் நுழைவுக் கட்டணம் 10 முதல் 20 டாலர் வரை. வண்டி நிறுத்தத் தனியாக 10. உரிமம் பெற்ற வணிகர் விற்றால் விற்பனை வரி உண்டு, டெக்சஸில் 8.25 சதவீதம் வரை. கடன் அட்டைக்கு 3 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள். ரொக்கம் கொண்டுபோங்கள், ஆனால் முடிவு செய்த தொகைக்கு மேல் ஒரு நோட்டுகூட வேண்டாம்.

நான் போட்ட கணக்கு: சந்தையில் 340 டாலர் சீட்டு, வரி 28, நுழைவும் வண்டியும் 25, ஆக 393. அதே ரைஃபிள், அதே நிலையில், இணைய ஏலத்தில் 220. அனுப்பும் செலவு 30, துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றித்தர உள்ளூர் வணிகருக்கு மாற்றுக் கட்டணம் 30, ஆக 280. விற்பவரோ தளமோ வரி பிடித்தாலும் முந்நூறை ஒட்டித்தான் வரும். மாற்றுக் கட்டணம் கடைக்குக் கடை 20 முதல் 50 வரை மாறும், ஏலம் கேட்பதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினாலும் துப்பாக்கி உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. உரிமம் பெற்ற உள்ளூர் வணிகரிடம் வரும், அங்கே படிவம் நிரப்பிச் சோதனை முடித்துத்தான் எடுக்க முடியும்.

5. போவதானால் எந்தச் சந்தைக்கு, எப்போது

ஊர்ப்புறச் சிறு சந்தைகளில் மேசைகளில் பாதிக்கு மேல் துப்பாக்கியே இல்லை. கத்தி, நாணயம், டி-ஷர்ட், உப்புக் கண்டம், மூட்டுவலித் தைலம்! மீதியில் புதுத் துப்பாக்கி விற்கும் கடைகள், அவற்றின் விலையும் கடை விலைதான். பழைய சாமான் மேசைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கும்.

விதிவிலக்கு ஓக்லஹோமாவின் டல்சாவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் வானன்மாகர் சந்தை. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட மேசைகள், ஒரே கூரையின் கீழ். அரிய பொருளைத் தேடுகிறவர்களுக்கும் வெறுமனே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் அது தகும். ஆனால் வெளிமாநிலத்தவருக்கு அங்கே ஒரு பொறி இருக்கிறது. டெக்சஸ்காரராகிய நான் அங்கே உரிமம் பெற்ற வணிகரிடம் ரைஃபிளோ ஷாட்கன்னோ வாங்கி வரலாம். கைத்துப்பாக்கியானால் எங்கள் மாநில வணிகருக்கு அனுப்பச் சொல்லி இங்கே வந்துதான் எடுக்க வேண்டும். மேசை போட்டிருக்கும் ஓக்லஹோமா தனிநபரிடம் எதையும் நேரடியாக வாங்கவே கூடாது.

நேரம் என்று பார்த்தால், நல்ல சரக்கு சனிக்கிழமை காலை முதல் ஒரு மணி நேரத்தில் போய்விடும், அதுவும் பெரும்பாலும் மேசைக்காரர்களுக்குள்ளேயே. விலை இறங்குவது ஞாயிறு மதியம், பெட்டி கட்டும் வேளையில். என் அனுபவத்தில் ஞாயிறே மேல்.

6. மேசையில் பார்க்க வேண்டியவை

வாசலில் எல்லாத் துப்பாக்கிகளையும் பிளாஸ்டிக் நாடாவால் பூட்டிவிடுவார்கள். இருந்தாலும் கையில் எடுப்பதற்கு முன் விற்பவரிடம் கேளுங்கள். குழலை யார் பக்கமும் திருப்பாதீர்கள், விசையில் விரல் வைக்காதீர்கள், காலி என்று அவர் சொன்னாலும் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் துண்டுக்குள் விரலை நீட்ட மாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான். ஒரு சின்ன டார்ச் போதும். நாடாவை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், உள்ளே பார்க்காமல் வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

திருகாணித் தலைகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். காடி சிதைந்திருந்தால் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது. குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது வளையம் போல நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் புடைத்திருக்கிறது, வைத்துவிட்டு நகருங்கள். மரக்கட்டையும் இரும்பும் சேரும் விளிம்பில் துரு ஒளிந்துகொள்ளும். கருநீல மெருகு புதிதாகப் பளபளத்து, எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் மறுமெருகு போட்டது. சுடுவதற்குக் கேடில்லை, ஆனால் சேகரிப்பு மதிப்பு விழுந்துவிட்டது, அந்த விலையைக் கொடுக்காதீர்கள். வரிசை எண்ணைச் சுரண்டியோ அழித்தோ இருந்தால் அந்த மேசைப் பக்கமே நிற்காதீர்கள், வைத்திருப்பதே குற்றம்.

நான் ஏமாற இருந்த இடம் ஒன்று. ரெமிங்டன் 870 ஷாட்கன், 1960-களில் செய்தது, வால்நட் கட்டை மின்னுகிறது, சீட்டில் 575 டாலர். பணத்தை எண்ணத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் குழலில் பொறித்திருந்த ‘ஃபுல்’ என்ற சொல்லைக் காட்டினார். சோக் எனப்படும் குழல்முனைக் குறுக்கம் அந்தக் காலத்தில் மாற்ற முடியாதது. கழற்றி மாட்டும் சோக்கை ரெமிங்டன் கொண்டுவந்தது 1986-ல். மிகக் குறுகிய முனை அருகில் பறக்கும் தட்டுகளுக்கு உதவாது, எஃகு ரவைக்கும் ஏற்றதல்ல. அதை வாங்கியிருந்தால் வேறு குழலுக்கு இன்னும் இருநூறு, முந்நூறு அழுதிருப்பேன். விற்பவர் அதுவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திரும்பப் பெறும் அறிவிப்புகளையும் பாருங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் 9 வரை எக்ஸ்மார்க் புரோ என்ற விசையுடன் செய்யப்பட்ட ரெமிங்டன் 700 ரைஃபிள்கள், விசையை இழுக்காமலே வெடிக்கும் அபாயத்தால் திரும்பப் பெறப்பட்டவை. பழுது நீக்காமல் கைமாறியவை இருக்கலாம். பழுது நீக்கப்பட்டதா என்று உறுதி செய்துகொண்டு பணம் கொடுங்கள்.

பிளாஸ்டிக் பையில் போட்டு விற்கும் கையால் நிரப்பிய தோட்டாக்களை வாங்கவே வாங்காதீர்கள். மருந்து எவ்வளவு போட்டார் என்பது போட்டவருக்குத்தான் தெரியும்.

7. பேரம்

கூச்சம் வேண்டாம். ‘ரொக்கமாகத் தந்தால் கடைசி விலை என்ன?’ என்று கேளுங்கள். நீங்கள் முதலில் எண்ணைச் சொல்லாதீர்கள். விற்றுப்போன ஏலங்களின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்து காட்டினால் சிலர் இறங்குகிறார்கள், சிலர் ‘அப்படியானால் அங்கேயே வாங்கிக்கொள்’ என்று கோபிக்கிறார்கள். இரண்டாமவர்கள் சொல்வதும் நல்ல யோசனைதான்.

8. படிவம் 4473: ஆவணங்களும் காத்திருப்பும்

சந்தையில் சோதனை கிடையாது என்று பலர் நம்புகிறார்கள். உரிமம் பெற்ற வணிகர் எங்கே விற்றாலும், வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சி அரசின் படிவம் 4473-உம் பின்னணிச் சோதனையும் கட்டாயம். ரைஃபிள், ஷாட்கன்னுக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21.

எடுத்துப்போக வேண்டியவை: தற்போதைய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு. வீடு மாறி, உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் அரசு வழங்கிய இன்னொரு ஆவணம் தேவை. வண்டிப் பதிவுச் சான்று செல்லும், மின்கட்டண ரசீது செல்லாது. நான் மின்கட்டண ரசீதோடு போய் நின்றவன்.

பெயர் நம்மவர்களுக்கு ஒரு தனித் தலைவலி. படிவத்தில் சட்டப்படியான முழுப் பெயர் வேண்டும். பெயரில் வெறும் முதலெழுத்து மட்டுமே இருந்தால் அதன் பக்கத்தில் ‘ஐஓ’ என்றும், நடுப்பெயர் இல்லையென்றால் ‘என்எம்என்’ என்றும் ஆங்கில எழுத்துகளில் குறிக்க வேண்டும். கிரீன் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள், அப்பா பெயரை முன்னும் பின்னும் மாற்றிப்போடாதீர்கள். கிரீன் கார்டில் உள்ள ‘ஏ’ எண்ணை எழுதும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை, எழுதினால் பெயர்க் குழப்பம் குறையும். கஞ்சா பற்றிய கேள்வியில் கவனம் தேவை: மாநிலம் அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று படிவமே எச்சரிக்கிறது. பொய்யாக எதையும் எழுதினால் துப்பாக்கியோடு கிரீன் கார்டும் போகலாம்.

பின்னணிச் சோதனையின் விடை மூன்றில் ஒன்று: அனுமதி, தாமதம், மறுப்பு. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் குடியேற்றப் பதிவுகளையும் தனியாகத் துழாவுவதால் தாமதம் சகஜம். சந்தையின் உண்மையான பொறி இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது சந்தையில் ஒரு சின்ன ரைஃபிளுக்குச் சனிக்கிழமை மதியம் படிவம் நிரப்பினேன், ‘தாமதம்’ என்று வந்தது. மூன்று அலுவல் நாள்கள் கடந்தும் விடை வராவிட்டால் வணிகர் கொடுக்கலாம் என்பது சட்டம், கொடுத்தே ஆக வேண்டும் என்பதல்ல. சனிக்கிழமை கேட்டால் திங்கள், செவ்வாய், புதன் கழிந்து வியாழன். சந்தை ஞாயிறு மாலையே கலைந்துவிட்டது. வணிகரின் கடையோ 190 மைல் தள்ளி. போகவர ஒரு நாள் விடுப்பு, பெட்ரோல் வேறு. வேண்டாம் என்றேன், முன்பணத்தில் 25 டாலரைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தந்தார். கிரீன் கார்டுக்காரர்கள் சந்தையில் படிவம் நிரப்புவதற்கு முன் ‘உங்கள் கடை எங்கே?’, ‘தாமதமானால் முன்பணம் முழுதாகத் திரும்புமா?’ என்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒவ்வொரு முறையும் தாமதம் வருகிறவர்கள் எஃப்பிஐ-யிடம் கைரேகையோடு விண்ணப்பித்து யூபின் என்ற தனி எண் பெறலாம். அடுத்த படிவத்தில் அந்த எண்ணை எழுதினால் இழுபறி குறையும்.

9. தனிநபர் மேசைகள்

டெக்சஸில் ஒரே மாநிலத்தவர் இருவர் சோதனை இல்லாமல் விற்று வாங்குவது சட்டப்படி செல்லும். பல மாநிலங்களில் செல்லாது. செல்லும் இடத்திலும் நான் அப்படி வாங்க மாட்டேன். திருட்டுத் துப்பாக்கியா என்று அறிய வழியில்லை, கிரீன் கார்டை வைத்துக்கொண்டு சூதாட முடியாது. ‘உள்ளூர் வணிகரிடம் போய் மாற்றிக்கொள்வோம், கட்டணம் நான் தருகிறேன்’ என்று சொல்லுங்கள். தயங்குகிறவரை விட்டுவிடுங்கள். எப்படி வாங்கினாலும் தேதி, வகை, வரிசை எண், தொகை, இருவர் கையொப்பம் உள்ள சீட்டு ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

10. நான் எங்கே வாங்கினேன்

அடகுக் கடையில், வேட்டைப் பருவம் முடிந்த பிப்ரவரியில். அங்கே விலை இறங்கும், இடத்தைக் காலி செய்ய அவர்களுக்கு அவசரம். கழற்றும் சோக் உள்ள 870, சீட்டில் 390, பேசி 325. அங்கேயும் ‘தாமதம்’தான் வந்தது. வியாழக்கிழமை அலுவலகம் முடிந்து வரும் வழியில் எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கிக்கு முன் பெட்டியை வாங்குங்கள். நல்ல பூட்டுள்ள எஃகு அலமாரிக்கு 150-லிருந்து 250 டாலர் ஒதுக்குங்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பாதுகாக்காமல் விட்டுவைத்து, அது 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்குக் கிடைத்தால் டெக்சஸில் குற்றம். எங்கள் வீட்டில் அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்பது என் மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரியும், தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில்.

சென்ற மாதம் நண்பர் ஒருவருக்குத் துணையாக மறுபடியும் அதே சந்தைக்குப் போனேன். அந்த 1960-களின் 870 அதே மேசையில், அதே இடத்தில் படுத்திருந்தது. சீட்டு மட்டும் புதிது: 599.